ஏழெழுபது தரம் மன்னித்த பிறகும் அண்ணன் தாளை நீட்டுகிறார்

அன்புள்ள ஆலோசகர் ஐயாவுக்கு,

எனக்கு வயது 44. அண்ணன், நான், தம்பி என நாங்கள் மூன்று பேர். அண்ணன் எங்கள் சபையில் ஜெபக்குழு நடத்துகிறார். அவர் ஜெபிக்க ஆரம்பித்தால் கண் கலங்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

அப்பாவை அடக்கம் செய்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு மாலையில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். வங்கிக் கணக்கை அம்மா பெயருக்கு மாற்ற என் கையெழுத்து வேண்டும் என்றார். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டுக் கொண்டுவந்திருந்தார். தாளின் மேல்பாதியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த கை விரலால் குறியைக் காட்டினார். மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஐந்து இடத்தில் கையெழுத்துப் போட்டேன். என் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

அப்பாவின் வீட்டில் எனக்குள்ள பங்கை நானே மனமுவந்து விட்டுக்கொடுத்ததாக அதில் எழுதியிருந்தது என்பது எட்டு மாதம் கழித்துத்தான் தெரியவந்தது. கேட்டபோது அண்ணன் முழங்காலில் விழுந்து அழுதார். ‘சாத்தான் என்னை வஞ்சித்துவிட்டான், எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்துவிடுகிறேன்’ என்றார். நானும் அழுதேன். மன்னித்துவிட்டேன் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். ஆனால் ஒன்றும் திருத்தப்படவில்லை. இரண்டே மாதத்தில், நான் பேராசைக்காரி, அப்பாவின் சாவுக்காகக் காத்திருந்தவள் என்ற பேச்சு உறவுக்குள் பரவியது. நான் சொல்லாத ஏதோ ஒன்றைச் சொன்னதாகத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறார். தம்பி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான்.

இப்போது அண்ணன் தொழிலுக்குக் கடன் வாங்குகிறார். நான் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள், உனக்கு ஏன் ஆடவில்லை? ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொல்லியிருக்கிறதே’ என்று அம்மா அழுகிறார். ‘மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்’ என்ற வசனத்தை அண்ணன் செய்தியாக அனுப்புகிறார். தொலைபேசியில் அவர் பெயர் தெரிந்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சில நாட்களில், ஒருவேளை நான்தான் சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அவரைக் குற்றம் சொல்கிறேனோ என்றுகூடத் தோன்றுகிறது.

சங்கீதத்தில் துன்மார்க்கன் என்று வரும் இடமெல்லாம் அவர் முகம்தான் நினைவுக்கு வருகிறது. கூடப்பிறந்தவரை அப்படி நினைப்பது பாவமா? நான் வேதத்தின்படி நடக்கிறேனா, வெறுப்பின்படி நடக்கிறேனா?

– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

*

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது வேதத்தைப் பற்றி என்பதால் வேதத்தை வைத்தே பேசுகிறேன். நான் போதகர் அல்ல. மனநல ஆலோசனை என் தொழில், வேதவாசிப்பு என் பழக்கம். உங்கள் விஷயத்தில் இரண்டும் ஒன்றையேதான் சொல்கின்றன.

முதலில் அண்ணன் அனுப்பும் வசனம். அது மத்தேயு 7-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம். அதிகாரம் அதோடு முடிந்துவிடவில்லை. முதலில் உன் கண்ணிலிருக்கிற உத்திரத்தை எடுத்துப்போடு, பிறகு சகோதரன் கண்ணிலிருக்கிற துரும்பை எடுக்கும்படி நன்றாய்ப் பார்ப்பாய் என்று தொடர்கிறது. பார்க்கவே கூடாது என்று எங்கும் இல்லை. அதே அதிகாரத்தின் 15-ஆம் வசனத்தில் ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய்கள் வருகின்றன. அடுத்த வசனம், ‘அவர்களுடைய கனிகளினாலே அவர்களை அறிவீர்கள்’. அறியக் கூடாது என்றால் கனியைப் பார்க்கச் சொல்வானேன்? நியாயம் தீர்ப்பது வேறு, இனங்கண்டுகொள்வது வேறு. உங்கள் அண்ணன் நரகத்துக்குப் போவாரா என்று சொல்ல உங்களுக்கு அதிகாரம் இல்லை. மேல்பாதியை மறைத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார் என்று சொல்ல முழு அதிகாரமும் உண்டு, ஏனென்றால் அது நடந்தது.

நம் வேதாகமத்தில் துன்மார்க்கன் என்று வருகிற இடங்களில் எபிரேய மூலத்தில் பெரும்பாலும் ‘ராஷா’ என்ற சொல் இருக்கிறது. அது நியாயஸ்தலத்திலும் புழங்கிய சொல். உபாகமம் 25-இல் வழக்காடும் இரண்டு பேரில் குற்றவாளி எவனோ அவனைக் குறிக்க இதே சொல்தான் வருகிறது. கொம்பும் வாலும் முளைத்த ஒருவனைத் தேட வேண்டியதில்லை. நன்றாக ஜெபிக்கிறவராகவும் அது இருக்கலாம். சங்கீதம் 55-இல் தாவீது புலம்புவது அந்நியனைப் பற்றி அல்ல, தன்னோடு சேர்ந்து தேவாலயத்துக்கு நடந்துபோன தோழனைப் பற்றி: ‘அவன் வாயின் சொற்கள் வெண்ணெயைப்போல மெதுவானவைகள், அவன் இருதயமோ யுத்தம்.’ இதை எழுதியவருக்கும் வயிற்றைப் பிசைந்திருக்கும்.

அந்தப் பிசைவைக் குறைவாக எடைபோடாதீர்கள். ஒருமுறை சூடுபட்ட உடம்பு அடுத்த முறை முன்கூட்டியே எச்சரிக்கிறது. உடம்பின் எச்சரிக்கை எப்போதும் சரியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் ஆதாரமும் இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் உங்களையே சந்தேகிக்கிறீர்கள்? ஜெனிஃபர் ஃபிரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். துரோகம் செய்தவர் நாம் சார்ந்து நிற்கும் ஒருவராக இருந்தால், அந்தத் துரோகத்தைப் பார்க்காமல் இருக்கவே மனம் பாடுபடும் என்பது அவர் கருத்து. தவறு செய்தவர் பிடிபட்டதும் என்ன செய்கிறார் என்பதற்கு 1997-இல் அவர் ஒரு வரிசை சொன்னார்: மறுப்பார், கேட்டவரைத் தாக்குவார், பிறகு தானே பாதிக்கப்பட்டவர் என்று இடம் மாறிக்கொள்வார். வேதத்தில் இதற்கு ஆகாப் ராஜா இருக்கிறான். நாட்டையே பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனவன், அதைக் கண்டித்த எலியா தீர்க்கதரிசியைக் கண்டதும் கேட்கிறான்: ‘இஸ்ரவேலைக் கலங்கப்பண்ணுகிறவன் நீயல்லவா?’ நீங்கள் பேராசைக்காரி ஆனதும் இப்படித்தான். (உங்கள் அண்ணனுக்கு இன்ன மனநோய் என்று நான் பெயர் சூட்டவில்லை. பார்த்திராத மனிதருக்கு அப்படிப் பெயர் சூட்டுவது என் தொழிலுக்கு அழகல்ல.)

ஆகாபை எடுத்துவிட்டேன், 1 இராஜாக்கள் 21-ஐயும் பார்த்துவிடுவோம். உங்கள் கடிதத்தைப் படிக்கையில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். நாபோத்தின் திராட்சத்தோட்டம் ஆகாபுக்குக் கீரைக்கொல்லை போட வேண்டும். அது தன் பிதாக்களின் சுதந்தரம் (பரம்பரைச் சொத்து), தர முடியாது என்கிறான் நாபோத். ராஜா கட்டிலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறான். அவன் மனைவி யேசபேல் ராஜாவின் பெயரில் நிருபங்கள் எழுதி, அவன் முத்திரையையே போட்டு அனுப்புகிறாள். என்ன எழுதினாள் தெரியுமா? ‘உபவாசம் என்று பிரசித்தப்படுத்துங்கள்.’ நில அபகரிப்பு உபவாச கூடுகையில் ஆரம்பிக்கிறது. இரண்டு பொய்ச்சாட்சிகளை உட்காரவைக்கிறார்கள், ஊர் மூப்பர்கள் வாய் திறக்காமல் சொன்னபடி செய்கிறார்கள், நாபோத் கல்லெறியுண்டு சாகிறான். முத்திரையும் பக்தியும் உறவுக்காரரின் மௌனமும் உங்கள் கதையிலும் இருக்கின்றன.

எலியா அங்கே வந்து சொன்னதைக் கவனியுங்கள். நீ கெட்டவன், கொடியவன் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. நீ கொலைசெய்தாய், எடுத்துக்கொண்டாய் என்று செய்கையில் கைவைத்தார். நீங்களும் அந்த வழியைப் பிடித்துக்கொள்ளுங்கள். துன்மார்க்கன் என்ற பட்டத்தை மனதில் உருட்டிக்கொண்டிருந்தால் வெறுப்புதான் வளரும். அதை விட்டுவிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதுங்கள்: இன்ன நாள் இப்படிச் சொல்லிக் கையெழுத்து வாங்கினார், இன்ன நாள் திருத்துகிறேன் என்றார், இன்ன நாள் தம்பியிடம் இதைச் சொன்னார். ‘ஒருவேளை நான்தானோ’ என்று தோன்றும் இரவில் எடுத்துப் படியுங்கள்.

இனி மன்னிப்பு. எலியாவின் சொல்லைக் கேட்ட ஆகாபும் துக்கத்தின் அடையாளமாக இரட்டு உடுத்தி உபவாசம் பண்ணினான். கர்த்தரும் அதைக் கண்டு தண்டனையைத் தள்ளிவைத்தார். ஆனால் தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே, தனக்குப் பிடிக்காததைச் சொன்ன மிகாயா தீர்க்கதரிசியைச் சிறையில் போடுகிறான். இதற்கு எதிரே, இயேசுவைச் சந்தித்து மனம் மாறிய வரி வசூலிப்பவன் சகேயுவை வைத்துப் பாருங்கள். அவன் அழுததாக லூக்கா எழுதவில்லை. எழுந்து நின்று கணக்குச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாக (நான்கு மடங்காக)த் திரும்ப. உங்கள் அண்ணன் அழுத அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்தில் உண்மையாகவே அழுதிருப்பார். தாவீதைக் கொல்லத் துரத்திய சவுல் ராஜாவும் அப்படித்தான் சத்தமிட்டு அழுதான், 1 சாமுவேல் 24-இல். 26-ஆம் அதிகாரத்தில் மறுபடியும் 3,000 பேரோடு தாவீதைத் தேடி வந்துவிட்டான்.

அங்கே தாவீது நடந்துகொண்டதுதான் உங்களுக்கு வேண்டியது. தூங்குகிற சவுலின் தலைமாட்டிலிருந்து ஈட்டியை எடுத்துக்கொண்டு வருகிறார், அவனைத் தொடவில்லை. எதிர்மலையின் உச்சியில், நடுவே மிகுந்த இடைவெளி விட்டு நின்று கூப்பிடுகிறார். ‘நான் பாவஞ்செய்தேன், திரும்பி வா’ என்கிறான் சவுல். தாவீதின் பதில்: இதோ ஈட்டி, உம்முடைய வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும். ஈட்டியைக் கொடுத்தார், ஆனால் தானே எடுத்துக்கொண்டு போகவில்லை. பழிவாங்கவும் இல்லை, அரண்மனைக்குத் திரும்பவும் இல்லை. இவர் மன்னிக்காதவர் என்று உங்கள் அம்மா சொல்வாரா?

மன்னிப்பை நீங்கள் ஒருவராகவே கொடுத்துவிடலாம், ஏழெழுபது தரமும் கொடுக்கலாம். நம்பிக்கை அப்படி அல்ல. அதற்கு எதிராளியின் கனி வேண்டும். ஏழெழுபது சொல்லப்பட்ட மத்தேயு 18-லேயே, சற்று முன்பு, குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசு, கேளாவிட்டால் இரண்டொருவரை அழைத்துக்கொண்டு போ, பிறகு சபைக்குச் சொல் என்ற ஒழுங்கும் இருக்கிறது. முதல் படியை முடித்துவிட்டீர்கள். அண்ணனின் ஜெபக்குழுவைச் சேராத மூப்பர் இருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களிடம் பேசும்போது அழாமல் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை, ஆனால் நோட்டுப் புத்தகம் கையில் இருக்கட்டும்.

வழக்கு என்றதும் சகோதரனோடு சகோதரன் வழக்காடலாமா என்று 1 கொரிந்தியர் 6 வரும். நேர்மையாகச் சொன்னால் அது கடினமான பகுதிதான். அநியாயத்தைச் சகித்துக்கொள்ளலாமே என்றே பவுல் கேட்கிறார். ஆனால் உங்களுக்குள் நியாயம் தீர்க்க விவேகி ஒருவனும் இல்லையா என்று சபையையும் கேட்கிறார், அநியாயம் செய்கிற சகோதரனையும் கடிந்துகொள்கிறார். அதே பவுல் தேவைப்பட்டபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு செய்தார். சபை கையை விரித்துவிட்டால் நீங்கள் என்ன செய்வது என்பதை உங்கள் மனச்சாட்சிதான் முடிவு செய்ய வேண்டும். எந்த முடிவானாலும், அந்தத் தாள்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி உங்கள் நிலையைத் தெரிந்துகொள்வதை இந்த மாதத்துக்குள் செய்துவிடுங்கள். தெரிந்துகொள்வது வழக்காடுவது ஆகாது.

ஜாமீன் கையெழுத்து விஷயத்தில் எனக்கு இவ்வளவு யோசனையே தேவைப்படவில்லை. நீதிமொழிகள் 6 பிணைப்பட்டவனோடுதான் தொடங்குகிறது: வேடன் கையிலிருந்து வெளிமான் தப்புவதைப்போலத் தப்பிக்கொள் என்கிறது. சில வசனம் தள்ளி, கர்த்தர் வெறுக்கும் காரியங்களின் பட்டியல். பொய்நாவு, பொய்ச்சாட்சி என்று போய், சகோதரருக்குள்ளே விரோதத்தை உண்டுபண்ணுகிறதில் முடிகிறது. தம்பிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அண்ணனைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம், நான் அப்படிச் சொல்லவில்லை என்று மட்டும் எழுதுங்கள்.

வெறுப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தீமையை வெறுக்கச் சொல்கிறது ரோமர் 12. அண்ணனுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று மனம் ஏங்கத் தொடங்கினால் அப்போது கவலைப்படலாம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. கோபம் வரும்போது சங்கீதக்காரர்களைப்போல அதை மூடாமல் அப்படியே ஜெபத்தில் கொட்டிவிடுங்கள். தூக்கம் தொடர்ந்து கெட்டால் நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

அம்மாவிடம் விவாதம் வேண்டாம். அவருக்கு மூன்று பிள்ளைகளும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். ‘அண்ணனை மன்னித்துவிட்டேன் அம்மா, கையெழுத்து மட்டும் போட மாட்டேன்’ என்று சொல்லுங்கள். அவர் மறுபடி அழுதால் மறுபடியும் அதையே சொல்லுங்கள். புதிய காரணம் சொல்லப் போனால் அங்கேதான் பிடிபடுவீர்கள். அவரைப் பார்க்கப் போவதை நிறுத்த வேண்டாம். போகும்போது கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.