பொன்னியின் செல்வன் முடிந்தது, அடுத்து என்ன? சரித்திர நாவல் கேள்விகளுக்கு ஒரு பழைய டீச்சரின் பதில்கள்

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு எடுத்தவள் நான். ஊர் கும்பகோணம் பக்கம். சரித்திர நாவல்களைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்றுதான் சொன்னேன், இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். என் ரசனை ஓரவஞ்சனையானது, அதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: டீச்சர், மணிரத்னம் படம் இரண்டு பாகமும் பார்த்துவிட்டேன். புத்தகம் ஐந்து பாகம் என்றதும் பயமாக இருக்கிறது. சின்னதாக இருக்கிறதே என்று பார்த்திபன் கனவில் ஆரம்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். பொன்னியின் செல்வனையே எடுங்கள். ஐந்து பாகம், 2,000 பக்கத்துக்கு மேல், எல்லாம் உண்மைதான், ஆனால் அது 1950இலிருந்து வாராவாரம் கல்கி பத்திரிகையில் வந்த தொடர்கதை. ஒவ்வொரு அத்தியாயமும் நாலைந்து பக்கம், முடிவில் ஒரு கொக்கி. ஆடிப் பதினெட்டு அன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான் இல்லையா, அங்கிருந்து கடம்பூர் மாளிகையில் ராத்திரி சதியாலோசனையை அவன் ஒட்டுக்கேட்கும் இடம் வரை படித்துப் பாருங்கள், அதற்குப் பிறகும் கீழே வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். காசும் செலவில்லை. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆகிவிட்டன, இணையத்தில் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பார்த்திபன் கனவை ஏன் வேண்டாம் என்றேன் என்றால், கல்கி அதை முதலில் எழுதினாலும் கதைப்படி அது சிவகாமியின் சபதத்துக்குப் பிந்தியது. சபதத்தில் இளவரசனாக வரும் நரசிம்மவர்மன், பார்த்திபன் கனவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பா. சபதத்தைப் படித்துவிட்டு இதற்கு வந்தால் அந்த மனிதர் எதையெல்லாம் விட்டுக்கொடுத்துவிட்டு இங்கே நிற்கிறார் என்பது தெரியும், தெரியாமல் படித்தால் அவர் வெறும் நல்ல ராஜா.

கேள்வி: நந்தினி உண்மையிலேயே இருந்தாளா? ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? வீட்டில் தினமும் சண்டை.

பதில்: வந்த கேள்விகளில் பாதி இதுதான்! நந்தினி கல்கியின் கற்பனை, பூங்குழலியும் அப்படியே. வந்தியத்தேவன் நிஜம், ஆனால் அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு குந்தவையை ராஜராஜனின் தமக்கை என்றும் வல்லவரையர் வந்தியதேவரின் மனைவி என்றும் சொல்கிறது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு இவ்வளவு வாயாடியான, அடிக்கடி மாட்டிக்கொள்கிற, பசி தாங்காத ஒரு பிள்ளையை உண்டாக்கியிருக்கிறாரே, அங்கேதான் நாவலாசிரியர் தெரிகிறார்.

ராஜராஜனின் அண்ணன் கரிகாலனின் கொலைக்கு வருகிறேன். காட்டுமன்னார்கோயிலில், பழைய உடையார்குடியில், அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜன் காலத்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் நிலத்தையெல்லாம் பறித்த விவரம் அதில் வருகிறது. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்று ஒரு பட்டமும் உண்டு, அதாவது அரசாங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்த ஆள். சரி, செய்தவர்கள் தெரிகிறது. செய்யச் சொன்னது யார், எதற்காக? கல்வெட்டு அதைப் பேசவில்லை. வரலாற்று ஆசிரியர்களில் நீலகண்ட சாஸ்திரியார் சந்தேகத்தை, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் பக்கம் திருப்பினார், சதாசிவ பண்டாரத்தார் அதை ஏற்கவில்லை. கல்கி மட்டும் கெட்டிக்காரத்தனமாக இருட்டறையில் விளக்கை அணைத்துவிட்டார். எனவே உங்கள் வீட்டுச் சண்டை தாராளமாகத் தொடரலாம். கும்பகோணம் பக்கம் வந்தால் காட்டுமன்னார்கோயிலுக்கு பஸ் ஏறிப் போய் அந்தக் கல்வெட்டையும் பார்த்துவிட்டு வாருங்கள், கதையில் வரும் வீரநாராயண ஏரியும் அங்கேதான், இன்றைய வீராணம்.

கேள்வி: பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சி உண்டா?

பதில்: கல்கி எழுதவில்லை. விக்கிரமன் எழுதிய நந்திபுரத்து நாயகி அதன் தொடர்ச்சிதான். அகிலனின் வேங்கையின் மைந்தன் அடுத்த தலைமுறை, ராஜேந்திர சோழன் காலம், 1963க்கான சாகித்திய அகாதமி பரிசு பெற்றது. பாலகுமாரனின் உடையார் ஆறு பாகம். பெரிய கோயில் எழும்பும் பகுதிகளில் கல், கயிறு, யானை, சம்பளத் தகராறு என்று நன்றாகவே இருக்கிறது, நடுநடுவே ஆன்மிக உபதேசம் நீண்டுகொண்டே போகும், எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கு இருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. சாண்டில்யன் கொடுக்கலாமா? என் கணவர் ரசிகர், நான் தயங்குகிறேன்.

பதில்: தயக்கம் நியாயமானது அம்மா. கதாநாயகி குளித்துவிட்டு வந்தால் இரண்டு பக்கம், நின்றால் ஒரு பக்கம், திரும்பினால் இன்னொரு பக்கம். அந்தக் காலத்தில் எங்கள் வகுப்பில் பெண்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விட்டு, பிறகு யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்து படிப்போம், அது வேறு கதை. ஆனால் கடற்போரை அவரைப் போல எழுத தமிழில் ஆள் கிடையாது. கடல் புறாவில் கருணாகரத் தொண்டைமான், அதாவது கலிங்கத்துப் பரணியில் படை நடத்திப் போகும் தளபதி, ஒரு கப்பலை எடுத்துக்கொண்டு ஸ்ரீவிஜயம் வரை போகிறான். காற்று எந்தப் பக்கம், பாய் எப்படி, எதிரிக் கப்பலை எந்தக் கோணத்தில் மடக்குவது என்று நமக்கே மாலுமி வேலை கற்றுக்கொடுத்துவிடுவார். நான் என்றால் முதலில் ஜலதீபம் கொடுப்பேன். மராட்டியக் கடற்படைத் தலைவர் கனோஜி ஆங்கரே காலத்துக் கதை, நம் பள்ளிப் புத்தகத்தில் அவருக்கு இடமே இல்லை. அப்புறம் மலைவாசல், ஹூணர்களை ஸ்கந்தகுப்தன் தடுத்த காலம். மகளோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள், வர்ணனை வந்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி: ராஜா, ராணி, வாள், ஒற்றன், சுரங்கப்பாதை எல்லாம் அலுத்துவிட்டது. வேறு ஏதாவது?

பதில்: எனக்கும் நாற்பது வயதில் அலுத்தது! சுரங்கப்பாதை இல்லாத கோட்டையே தமிழில் கிடையாது போலிருக்கிறது. அரண்மனைக்கு நெய் கொண்டுவந்தவன் யார், அவனுக்கு நெய் கிடைத்ததா என்று அப்போதுதான் யோசிக்க ஆரம்பித்தேன். அந்த யோசனைக்கு முதலில் பதில் சொன்னவர் பிரபஞ்சன். மானுடம் வெல்லும், அதன் பின் வானம் வசப்படும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736இலிருந்து நாட்குறிப்பு எழுதி வந்தார் அல்லவா, யாருக்கு என்ன விலையில் துணி விற்றது, கவர்னர் துரை என்ன சொன்னார், யாருக்குக் கசையடி என்று. அந்தக் குறிப்புகளிலிருந்து பிரபஞ்சன் ஒரு ஊரையே எழுப்பி நிறுத்தினார், தாசிகள், நெசவாளர்கள், அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அரசர்களும் வருவார்கள், ஆனால் கடன் கேட்டுக்கொண்டு. வானம் வசப்படும் நாவலுக்கு 1995இல் சாகித்திய அகாதமி கிடைத்தது.

அதற்கப்புறம் சு. வெங்கடேசனின் காவல் கோட்டம். டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் கபூர் மதுரைக்கு வந்த காலத்திலிருந்து அறுநூறு வருஷம், 1,000 பக்கத்துக்கு மேல். முதல் இருநூறு பக்கம் கஷ்டம், பெயர்கள் குழப்பும், நானே இரண்டு தடவை விட்டுவிட்டு மூன்றாம் தடவைதான் உள்ளே போனேன். ஆனால் வெள்ளைக்காரக் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டை மதிலை இடிக்கும் பகுதிக்கு வந்தீர்கள் என்றால், தலைமுறை தலைமுறையாக அந்த ஊரைக் காவல் காத்தவர்களுக்கு அந்த மதில் என்னவாக இருந்தது என்பது புரிந்து நெஞ்சு அடைக்கும். மதுரையில் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என்று போர்டு பார்த்திருப்பீர்களே, மதிலை இடித்த வேலையில் இருந்தவர்களின் பெயர்கள்தான் அவை. பூமணியின் அஞ்ஞாடி இதைவிடவும் எனக்குப் பிடிக்கும். கழுகுமலைக் கலவரம் 1895, சிவகாசிக் கலவரம் 1899, இரண்டும் அதற்குள் வருகின்றன. வட்டாரப் பேச்சு முதலில் தடுக்கும், வாய்விட்டுப் படித்தால் போதும், பழகிவிடும்.

ஜெயமோகனின் வெள்ளை யானை 1870களின் பெரும் பஞ்சத்துக் காலத்துச் சென்னை. அமெரிக்காவிலிருந்து ஐஸ் கட்டி கப்பலில் வந்து இறங்கிய ஐஸ் ஹவுஸில் தலித் தொழிலாளிகள் வேலையை நிறுத்துகிறார்கள். ராத்திரியில் படிக்காதீர்கள், சோறு இறங்காது. எஸ். ராமகிருஷ்ணனின் யாமம் இதற்கு நேர் எதிர், அதே சென்னையின் முந்தைய காலம், அத்தர் வாசனை, நாட்டை நில அளவை செய்யும் லாம்டனின் கூட்டம், கனவு மாதிரிப் போகும்.

கேள்வி: அண்மையில் பெண்களை மையமாக வைத்த சரித்திர நாவல் தேடினேன். எல்லாமே இளவரசிகள்தான்.

பதில்: ராஜம் கிருஷ்ணனின் பாதையில் பதிந்த அடிகள். மணலூர் மணியம்மாளின் வாழ்க்கை. சின்ன வயதில் விதவையாகி, பிறகு தலைமுடியைக் கிராப்பு வெட்டிக்கொண்டு, வேட்டி கட்டி, கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டிய பெண். எங்கள் மாவட்டத்துக்காரி. வாள் இல்லை, வேட்டியே போதுமானதாக இருந்திருக்கிறது.

கேள்வி: நான் பினாங்கில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரித்திரத்தைத் தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். ப. சிங்காரம், புயலிலே ஒரு தோணி. இரண்டாம் உலகப் போர், ஜப்பான்காரன் சுமத்ராவில் இருக்கும் மெடானுக்குள் நுழைவதில் கதை ஆரம்பிக்கிறது. பாண்டியன் என்று ஒருவன், வட்டிக்கடை வேலைக்கு வந்தவன், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று எங்கெல்லாமோ இழுத்துப் போகப்படுகிறான். நடுவில் மதுரைத் தெருக்கள் நினைவில் வரும், சங்கப் பாட்டைக் கிண்டலடிப்பான், சீனமும் மலாயும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலக்கும். சிங்காரம் சிங்கம்புணரியிலிருந்து சின்ன வயதிலேயே மெடானுக்கு வேலைக்குப் போனவர், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு தனியாளாக வாழ்ந்து 1997இல் காலமானார். மொத்தம் இரண்டே நாவல், மற்றொன்று கடலுக்கு அப்பால். புயலிலே ஒரு தோணி எழுதி வருஷக்கணக்கில் கிடந்து 1972இல்தான் வெளிவந்தது. அதைக் கொண்டாட ஆள் வர இன்னும் நாளாயிற்று.

அதோடு, மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில். தோட்டத் தமிழர்களை ஜப்பானியர் சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோன கதை. உங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்தைப் பார்த்தவர்களாக இருந்தால், படிக்கும் முன் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: தமிழின் முதல் சரித்திர நாவல் கல்கியுடையதுதானே? திருகோணமலையிலிருந்து கேட்கிறேன்.

பதில்: உங்கள் ஊர்க்காரர் கோபித்துக்கொள்வார்! 1895இல் வந்த மோகனாங்கிதான் முதல் என்று சொல்வது வழக்கம். எழுதியவர் திருகோணமலை தி. த. சரவணமுத்துப்பிள்ளை. மதுரை நாயக்கர் சொக்கநாதர் காலத்துக் கதை. நடை பழசு, ஆனாலும் கல்கிக்கு நாலைந்து வயதுதான் மூப்பு அந்தப் புத்தகம் என்று நினைத்துக்கொண்டு புரட்டினால் சுவாரசியமாகவே இருக்கும்.

கேள்வி: மொழிபெயர்ப்பில் ஒன்றிரண்டு சொல்லுங்கள்.

பதில்: கன்னடத்திலிருந்து மாஸ்தியின் சிக்கவீர ராஜேந்திரன். 1834இல் குடகை ஆங்கிலேயரிடம் இழந்த கடைசி ராஜாவின் கதை. நாட்டை வெள்ளைக்காரன் பிடிக்கவில்லை, ராஜாவே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டில் வைத்துக் கொடுக்கிறான். உருதுவிலிருந்து குர்அதுல்ஐன் ஹைதரின் அக்னி நதி, மௌரியர் காலத்திலிருந்து தேசப் பிரிவினை வரை, அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வேறு வேறு மனிதர்களாகப் பிறந்து வரும். இரண்டாவது வாசிப்பில்தான் பிடிபடும்.

கேள்வி: நானே ஒரு சோழர் கால நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறேன் டீச்சர். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: அடுப்படியைக் கவனியுங்கள் தம்பி. ஒருவர் எழுதி அனுப்பிய கையெழுத்துப் பிரதியில் ராஜேந்திரன் படைமுகாமில் மிளகாய் தாளிக்கிறார்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, போர்த்துகீசியர் இந்தப் பக்கம் வந்த பிறகுதான் நமக்கு வந்தது. மிளகு போடுங்கள். ‘ஐந்து நிமிடத்தில் வருகிறேன்’ என்று ஒற்றன் சொல்லக் கூடாது, நாழிகைக் கணக்கு தெரியவேண்டும், ஒரு நாழிகை 24 நிமிடம். பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறு பக்கத்திலேயே இருக்கட்டும். எழுதுகிற ஊருக்கு நடந்து போய்ப் பாருங்கள். பொன்னியின் செல்வனுக்காகக் கல்கி ஓவியர் மணியத்தைக் கூட்டிக்கொண்டு இலங்கைக்கே போனார். பழையாறை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம், குந்தவை இருந்த இடம் என்று தேடிக்கொண்டு வருகிறவர்களுக்கு இன்று அரண்மனை எதுவும் இல்லை, வயலும் சில கோயில்களும்தான். அதைப் பார்த்து ஏமாந்து, பிறகு அங்கேயே உட்கார்ந்து யோசித்தால் முதல் அத்தியாயம் கிடைக்கலாம்.

கேள்வி: பத்திரிகையிலிருந்து கிழித்து பைண்டு செய்த பழைய தொடர்கதைகள் உங்களிடம் இருப்பதாகச் சொன்னீர்களே, படிக்கத் தருவீர்களா?

பதில்: மாட்டேன். அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டது அது. மணியம் படங்களோடு, ஓரத்தில் சிரிப்புத் துணுக்கும் சோப்பு விளம்பரமுமாக. பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தைப் பக்கத்துத் தெரு மாமி ஒருத்தி 1987இல் ‘ரெண்டே நாள்’ என்று வாங்கிக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து பாருங்கள், காபி தருகிறேன், மற்ற நாலு பாகத்தையும் திண்ணையிலேயே உட்கார்ந்து படிக்கலாம்.