கடன் ரூபாயிலா, கிராமிலா?

கேள்வி: சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டை வியாபாரி ஒருவருக்கு என் அப்பா காலத்திலிருந்து வேலை செய்து கொடுக்கிறோம். 2024 மார்ச்சில் 10 கிலோ கட்டி வெள்ளி கொடுத்தார். 70 டச் கொலுசு, அதாவது நூற்றுக்கு 70 பங்கு சுத்த வெள்ளி. கூலி, சேதாரம் சேர்த்து, 100 கிராம் கொலுசுக்கு 73 கிராம் சுத்த வெள்ளி என்று கழித்துக்கொள்வதாகப் பேச்சு. 8 கிலோ கொலுசு கொடுத்தேன். உருக்கிப் பார்த்ததில் 66 டச்தான் நிற்கிறது என்று சொல்லி, என் ஆட்கள் முன்னிலையில் என்னைக் கலப்படக்காரன் என்று ஏசினார். மீதி வெள்ளியை அந்த ஆவணியில் மகள் திருமணத்துக்காக விற்றுவிட்டேன். வெள்ளியை வாங்கியபோது இருந்த விலை, கிலோ 75,000 ரூபாய் என்று கணக்கிட்டுப் பணம் தருகிறேன் என்றால், வெள்ளியாகவே வேண்டும் என்கிறார். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. 2019-இல் கையெழுத்திட்டுக் கொடுத்த தொகை எழுதாத காசோலை ஒன்றும் அவரிடம் இருக்கிறது. மூன்று ஆண்டு கடத்தினால் எல்லாம் காலாவதி ஆகிவிடும் என்கிறார் என் மைத்துனர். நடந்தது அத்தனையையும் எழுதிப் பதில் நோட்டீஸ் தயார் செய்திருக்கிறேன். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

உங்கள் முழுக் கடிதத்தில் முக்கால் பங்கு அவர் ஏசியதைப் பற்றியும் டச் தகராறைப் பற்றியும் இருக்கிறது. உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் டச் தகராறின் மதிப்பு எவ்வளவு என்று பாருங்கள். 8 கிலோவை 73 என்று கழித்தால் 5 கிலோ 840 கிராம் சுத்த வெள்ளி வரவு. அவர் சொல்வதுபோல் 66 டச் என்றால், கூலி, சேதாரத்துக்கு 3 சேர்த்து 69 என்று கழித்தால் 5 கிலோ 520 கிராம். வித்தியாசம் 320 கிராம். பற்றவைத்த இடங்களில் டச் குறையும் என்பதும், முழுக் கொலுசை உருக்கிப் பார்ப்பதும் மிஷினில் மேலாக வைத்துப் பார்ப்பதும் ஒரே எண்ணைத் தராது என்பதும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹால்மார்க் இல்லை என்று அவர் நோட்டீஸில் எழுதியிருப்பதும் பொருட்டல்ல. வெள்ளிக்கான ஹால்மார்க் தரம் 800-க்கு (80 டச்) கீழே கிடையாது. 70 டச் கொலுசுக்கு உங்களுக்குள் என்ன பேச்சு என்பதுதான் அளவுகோல். ஆக, 320 கிராம் சண்டைக்கு உரியது. 10 கிலோவில் 5 கிலோ 840 கிராம் போக மீதி 4 கிலோ 160 கிராம் தர வேண்டும் என்பதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்.

உங்கள் வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நிற்கிறது. அந்த வெள்ளி உங்களுக்கு விற்கப்பட்டதா, வேலைக்காக ஒப்படைக்கப்பட்டதா? விற்கப்பட்டது என்றால் உங்கள் கடன் ரூபாயில். அன்றைய விலையோடு முடிந்தது. ஒப்படைக்கப்பட்டது என்றால் வெள்ளி இன்றும் அவருடையது. விலை ஏறினாலும் இறங்கினாலும் நீங்கள் திருப்பித் தர வேண்டியது எடை. 4 கிலோ 160 கிராமுக்கு உங்கள் கணக்கில் 3,12,000 ரூபாய். 2025 டிசம்பரில் வெள்ளி கிலோ 2 லட்சத்தைத் தாண்டியது. அந்த 2 லட்சத்தையே வைத்தாலும் 8,32,000.

வெள்ளி வாங்கியபோது எழுதிய சீட்டின் நகலை அனுப்பியிருக்கிறீர்கள். அதில் ‘கட்டி 10 கிலோ, 999 (சுத்த வெள்ளி), வேலைக்காக’ என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. 3 சதவீத ஜிஎஸ்டி போட்ட விற்பனை பில் எதுவும் இல்லை. இது ஒப்படைப்பு. ஒப்படைப்பு என்றால் என்ன என்று சொல்லும் ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவுக்குள் நேராக வந்து விழுகிறது. எல்லா வெள்ளியும் ஒரே குகையில் (உருக்கும் பாத்திரத்தில்) உருகிக் கலந்துவிடும், அதே கட்டியைத் திருப்பித் தர முடியாது, ஆகவே இது விற்பனைதான் என்று வாதிடலாம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் நம்பிக்கை வைக்க என்னால் முடியவில்லை.

இனி, உங்களைப் போன்றவர்கள் விழுவதை நான் கண்ட பள்ளத்துக்கு வருகிறேன். உங்கள் பதில் நோட்டீஸில் ‘மகள் திருமணத்துக்காக விற்றேன், திருப்பித் தந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்’ என்று இருக்கிறது. உங்கள் மனத்தில் அது நேர்மை. காவல் ஆய்வாளர் கையில் அது, ஒப்படைத்த பொருளைச் சொந்தச் செலவுக்கு எடுத்ததற்கான கையெழுத்திட்ட ஒப்புதல். நீங்கள் விற்றது 2024 ஜூலை 1-க்குப் பிறகு என்பதால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவு, நம்பிக்கை மோசடிக்கான பிரிவு, பேசும். ஐந்து ஆண்டு வரை சிறை. விற்ற சரக்குக்குப் பணம் வராவிட்டால் அது உரிமையியல் வழக்குதான், நம்பிக்கை மோசடி ஆகாது என்று 2024 ஆகஸ்டில் டெல்லி ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பின் நிழல் வாங்கியவருக்குத்தான். வேலைக்கு எடுத்தவருக்கு இல்லை. இதுவரை எடைக்கணக்காக இருக்கும் தகராறை உங்கள் ஒரு வரி குற்ற வழக்காக்கிவிடும். பொய் எழுதச் சொல்லவில்லை. பொய் எழுதினால் இதைவிடக் கெடும். நோட்டீஸில் கேட்கப்பட்ட கணக்குக்கு மட்டும், வழக்கறிஞர் மூலம் பதில் போகட்டும். தொலைபேசியிலும் குரல் பதிவிலும் அவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று உண்டு. நெருக்கடி வந்ததும், வேறு வியாபாரியிடம் புதிதாக வெள்ளி எடுத்துப் பழையவருக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யவே செய்யாதீர்கள். 2 கிலோ தகராறோடு தொடங்கி, மாற்றி மாற்றிக் கொடுத்து, கடைசியில் நான்கு வியாபாரிகள் நான்கு புகாரோடு நிலையத்தில் உட்கார்ந்திருக்க, பட்டறையையும் வீட்டையும் விட்டுப் போன குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் நல்ல வேலைக்காரர். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் துளியும் இருக்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

காசோலை விஷயத்தில் ‘வெறுமையாகத்தான் கொடுத்தேன்’ என்பது தற்காப்பு ஆகாது. கையெழுத்து உங்களுடையது என்றால், மற்றதை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் கடனுக்காகக் கொடுத்ததாகவே சட்டம் அனுமானிக்கும். பீர் சிங் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் தலையில். அவர் அதில் 10 லட்சம் எழுதி வங்கியில் போட்டு, அது பணமில்லாமல் திரும்பினால் இரண்டாவது வழக்கு தொடங்கும்.

உங்கள் மைத்துனரின் யோசனையை மறந்துவிடுங்கள். ஒப்படைத்த பொருளைத் திரும்பப் பெறும் வழக்கில், அவர் கேட்டு நீங்கள் மறுத்த நாளிலிருந்துதான் மூன்று ஆண்டு ஓடும். கடத்துவதால் கூடப்போவது வெள்ளி விலை மட்டுமே.

சமாதானம் பேசுங்கள். என் ஆலோசனை இதுதான். 320 கிராமில் பாதியை விட்டுக்கொடுத்து 4 கிலோ 320 கிராமுக்கு முடியுங்கள். 160 கிராமுக்காக நீதிமன்றம் ஏறினால் வாய்தாச் செலவிலேயே அது கரைந்துபோகும். பேசும்போது ஒன்றைக் கெட்டியாகப் பிடியுங்கள்: கையெழுத்திடும் நாளின் விலைக்கு முழு எடையையும் ரூபாயாக மாற்றிக்கொள்ள வேண்டும். அதன்பின் தவணை எத்தனை மாதம் போனாலும் விலையேற்றம் உங்களைத் தொடாது. பழைய ஒப்படைப்பின் இடத்தில் புதிய ரூபாய்க் கடன் வந்துவிடும். அவர் அன்றே வெள்ளி வாங்கி வைக்கப் பணம் வேண்டும் என்பதால், பாதித் தொகையையாவது கையில் கொடுக்காமல் சம்மதிக்க மாட்டார். நகையோ நிலமோ அடமானம் வைத்தாவது வங்கியில் அதைப் புரட்டுங்கள். ஒப்பந்தத்தில் 2024 மார்ச் சீட்டின் கணக்கு முழுவதும் தீர்ந்தது என்ற வரியும், திரும்பப் பெற்ற காசோலையின் எண்ணும் இருக்க வேண்டும். காசோலை கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

அவர் நேரில் பேச மறுத்தால், தொகை 3 லட்சத்துக்கு மேல் என்பதால், அவசர உத்தரவு கேட்டால் ஒழிய, வணிக வழக்குக்கு முன் அவரே மத்தியஸ்தத்துக்குப் போயாக வேண்டும். அஸ்தம்பட்டி நீதிமன்றத்திலிருந்து அந்த அழைப்பு வந்தால் தவறாமல் போங்கள். அவர் ஏசியதை அங்கே எடுக்காதீர்கள்.

இன்று செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பட்டறையில் இருக்கும் மற்ற வியாபாரிகளின் வெள்ளியை ஒவ்வொன்றாக எடை போட்டு, டச் குறித்து, அவரவர் பெயர் எழுதித் தனித்தனியே பூட்டி வையுங்கள்.