'மை ஓல்ட் சைனா' என்றால் என்ன?

கேள்வி: என் மகன் கிழக்கு லண்டனில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறான். கூட வேலை செய்யும் வெள்ளைக்காரப் பெரியவர் தினமும் அவனை 'மை ஓல்ட் சைனா' என்று கூப்பிடுகிறாராம். கேலி செய்கிறாரோ? மகன் சிரித்துவிட்டுப் போகிறான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கவலையே வேண்டாம் அம்மா. அவர் உங்கள் மகனை வாய் நிறைய 'நண்பா' என்று கூப்பிடுகிறார். இந்தச் சைனா நாடு இல்லை, பீங்கான். 'சைனா பிளேட்' என்றால் பீங்கான் தட்டு. 'பிளேட்' என்பதோடு ஓசை ஒத்து வரும் சொல் 'மேட்', அதாவது கூட்டாளி. நம் யாப்பில் அடியின் கடைசியில் ஓசை ஒன்றி வருவதை இயைபு என்கிறோமே, அதுதான் இங்கேயும். ஆனால் பேசும்போது ஒத்து வரும் அந்தப் 'பிளேட்'டை விழுங்கிவிட்டு, சம்பந்தமே இல்லாத 'சைனா'வை மட்டும் சொல்வார்கள். வெளியாளுக்கு எப்படிப் புரியும்?

இது லண்டன் காக்னி மக்களின் பேச்சு. செப்சைடில் இருக்கும் செயின்ட் மேரி லெ போ தேவாலயத்தின் மணியோசை கேட்கும் தூரத்தில் பிறந்தவரே அசல் காக்னி என்பார்கள். 1859இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே இந்த இயைபுச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு.

நான் ஒன்பது வருடம் அந்தப் பக்கத்தில் ஒரு மளிகைக் கடைக் கல்லாவில் நின்றவன். மூன்று மணி ஆனால் ஒரு பாட்டி, "என் சாஸ்பேன்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடும்" என்று அவசர அவசரமாக பிஸ்கட் வாங்குவார். 'சாஸ்பேன் லிட்ஸ்' என்றால் பாத்திர மூடிகள். அதற்கு இயைபு 'கிட்ஸ்', பிள்ளைகள். வீட்டுக்காரரை 'பாட் அண்ட் பேன்' என்பார். சட்டியும் வாணலியும்! அது 'ஓல்ட் மேன்' என்பதற்கு. திருடன் 'டீ லீஃப்', 'தீஃப்' என்பதன் இயைபு. பேரப்பிள்ளைகளைச் சாஸ்பேன் என்று அவர் சொன்ன குரலில் இருந்த வாஞ்சை இன்னும் என் காதில் இருக்கிறது.

எல்லாமே இயைபால் வந்தவை என்று நினைத்துவிடக் கூடாது. முகத்துக்கு 'மக்' என்ற பெயர் வேறு வழியில் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் மனித முகம் போலவே வார்த்த குடிகுவளைகள் இங்கிலாந்தில் நிறைய இருந்தன. குவளையின் பெயர் அப்படியே முகத்துக்கு ஆகிவிட்டது. போலீஸ் எடுக்கும் 'மக் ஷாட்'டில் இருப்பதும் அதே மக்தான். நம் 'முகம்' போல ஒலிப்பது தற்செயல், உறவு எதுவும் இல்லை.

அப்புறம், 'ஓல்ட்' என்பது வயதைக் குறிப்பதில்லை, நெருக்கத்தைக் குறிப்பது. உங்கள் மகனும் அந்தப் பெரியவரைத் தாராளமாக 'மை ஓல்ட் சைனா' என்று திருப்பிக் கூப்பிடலாம். அவருக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருக்கும்.