பில்லில் 16 ஜிபி, லேப்டாப்பில் 8: வழக்கை எங்கே போடுவது?

கேள்வி: திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் 42,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். பில்லில் 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் காட்டுவதோ 8-ம் 476-ம். கேட்டால் “மீதி 8 விர்ச்சுவல் மெமரி” என்கிறார்கள். பில்லின் அடியில் “வழக்கு திருவனந்தபுரத்தில் மட்டுமே” என்று போட்டிருக்கிறது. நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் களியக்காவிளைக்காரன்.

பதில்: முதலில் எஸ்எஸ்டிக்கு, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்குக்கு, காட்டும் அந்த 476-ஐ விட்டுவிடுங்கள். தயாரிப்பாளர் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார், விண்டோஸ் 107.37 கோடியாக எண்ணுகிறது. டிஸ்க் ஒன்றுதான், கணக்குதான் வேறு. இதையும் மனுவில் எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் இதையே பிடித்துக்கொண்டு மற்றதையும் கேலியாக்குவார்.

ரேம், அதாவது வேலை நடக்கும்போது தகவலை வைத்துக்கொள்ளும் வேகமான நினைவகம், விஷயம் அப்படியல்ல. விர்ச்சுவல் மெமரி என்பது ரேம் போதாதபோது எஸ்எஸ்டியில் ஒதுக்கிக்கொள்ளும் இடம். நீங்கள் காசு கொடுத்த 512-க்குள்ளேயே அது இருக்கிறது. வேகத்திலும் ரேமுக்குப் பக்கத்தில் வராது. அதை ரேம் கணக்கில் சேர்த்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவு சொல்லும் நியாயமற்ற வணிக முறை.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போங்கள். மொத்த ரேமும் எத்தனை ஸ்லாட்டில் ரேம் கார்டு இருக்கிறது என்பதும் தெரியும்படி படம் எடுங்கள். பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். “ஒரு கார்டைக் கழற்றியதே இவர்தான்” என்பார்கள். சீரியல் எண்ணைக் கொடுத்து, எவ்வளவு ரேமுடன் அனுப்பினார்கள் என்று தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். 8 என்று பதில் வந்தால் அந்த வாதம் எடுபடாது. 16 என்று வந்தால் கார்டு எங்கே போனது என்பதே வழக்கின் மையம். நுகர்வோர் ஆணையம் லேப்டாப்பை நிபுணர் சோதனைக்கு அனுப்பக்கூடும்.

பில்லின் அந்த வரிக்காக எல்லையோரப் பாறசாலையைத் தாண்டித் திருவனந்தபுரம் போக வேண்டாம். அதே சட்டத்தின் 34(2)(டி) பிரிவின்படி புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். உங்களுக்கு அது நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கெடு 2 ஆண்டு.

அதற்கு முன் கடைக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்புங்கள்: 16 ஜிபி ஆக்கித் தர வேண்டும், இல்லையேல் முழுப் பணம். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். சில கடைகள் அதிலேயே இறங்கி வரும். கடைக்காரர் மலையாளத்தில் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் மொழிபெயர்ப்பையும் மனுவோடு இணையுங்கள்.