வாசகர் கேள்வி பதில்: எலி கடிச்ச ஆர்கனும் 252 கோடி பாவமும்

போன இதழ்ல "கிறிஸ்தவ ஞானப்பாட்டு எழுதினவங்க, ராகம் போட்டவங்க பத்தி ஏதாவது கேக்கணும்னா எழுதுங்க"ன்னு சும்மா ஒரு வரி போட்டேன். இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. எல்லாத்துக்கும் இடம் பத்தாது, கையில வந்ததுல சிலதுக்கு இங்க.

கேள்வி: கேரல் சர்வீஸ்ல வருஷா வருஷம் எங்க சபை ஐயர் (பாதிரியார்) சொல்றார், எலி ஆர்கனைக் கடிச்சு வச்சதால ஒரே ராத்திரியில 'ஒப்பில்லா திரு இரா' ('சைலண்ட் நைட்') பாட்டு பிறந்துச்சுன்னு. நிஜமா? (வாசகி, நாசரேத்)

எலி மேல பழி போடாதீங்கம்மா, பாவம். வரிகளை எழுதினது ஜோசப் மோர்ங்கிற ஆஸ்திரியா நாட்டு இளம் பாதிரியார், அதுவும் 1816-லயே. ரெண்டு வருஷம் பொட்டிக்குள்ள கிடந்த கவிதையை 1818 டிசம்பர் 24 அன்னிக்கு எடுத்துட்டுப் போய் ஃபிரான்ஸ் குரூபர்ங்கிற ஸ்கூல் வாத்தியார் கையில குடுத்து, ரெண்டு பேர் பாடுற மாதிரி, கிட்டாரோட, ஒரு மெட்டு போடுங்கன்னார், வாத்தியாரும் அன்னிக்கே போட்டுக் குடுத்துட்டார், ராத்திரி ஓபன்டார்ஃப் கோயில்ல பாடியாச்சு. ஆக மெட்டு ஒரே நாள்ல வந்தது உண்மை, வரி அப்படி இல்ல.

பாட்டு ஊர் ஊரா பரவினப்ப இவங்க பேரு கழண்டு போச்சு, ஹைடன் போட்டது, மொசார்ட் போட்டதுன்னெல்லாம் சொல்ல ஆரம்பிச்சாங்க. கடைசியில பெர்லின்ல இருந்தே விசாரிச்சு கடிதம் வந்தப்ப, 1854-ல, குரூபர் நடந்ததை எழுதி வச்சார். அதுல எலியும் இல்ல, ரிப்பேர் ஆன ஆர்கனும் இல்ல. மோர் அதைப் பாக்க இல்ல, 1848-லயே கையில காசு இல்லாம செத்துட்டார். அவர் கைப்பட எழுதின தாள் 1995-லதான் கிடைச்சுது, 1816ங்கிற வருஷமே அதுல இருந்துதான் தெரிய வந்துச்சு. ஐயர் கிட்ட பதமா சொல்லுங்க, கேரல் சர்வீஸ் முடிஞ்சப்புறம்.

கேள்வி: பாமாலை பாட்டுப் புஸ்தகத்துல பாட்டுக்கு மேல 8.7.8.7., சி.எம்.னு ஏதோ போன் நம்பர் மாதிரி போட்டிருக்கே, அது என்ன? நாங்க ஊர்ல பாடுற பாட்டை சென்னையில வேற ராகத்துல பாடுறாங்களே, எது சரி? (வாசகர், பாளையங்கோட்டை)

ரெண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். அந்த நம்பர் ஒவ்வொரு வரிக்கும் எத்தனை அசை, அதாவது வாயில எத்தனை தட்டு விழுதுங்கிற கணக்கு. சி.எம்.னா 'காமன் மீட்டர்', 8.6.8.6.க்கு வச்ச பேர். எங்க குயர் மாஸ்டர் விரல் விட்டு எண்ணச் சொல்லித்தான் எங்களுக்குப் புரிய வச்சார், நீங்களும் 'பிளவுண்ட மலையே' (இங்கிலீஷ்ல 'ராக் ஆஃப் ஏஜஸ்') பாட்டை எண்ணிப் பாருங்க. பி-ள-வுண்-ட-ம-லை-யே: ஏழு. பு-க-லி-டம்-ஈ-யு-மே: ஏழு. பக்-கம்-பட்-ட-கா-ய-மும், அதுவும் ஏழு! இங்கிலீஷ்ல இருந்து தமிழுக்குக் கொண்டு வந்தவர் அர்த்தத்தையும் விடாம, எண்ணிக்கையையும் விடாம உக்காந்திருக்கார் பாருங்க, சில இடத்துல தமிழ் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு நிக்குதுன்னா அதுக்கு இதுதான் காரணம், அவரைத் திட்டாதீங்க.

கணக்கு ஒண்ணா இருந்தா எந்த வரியையும் எந்த ராகத்துலயும் ஏத்தலாம். அதனால எது சரின்னு கேட்டா ரெண்டும் சரி. 'அமேசிங் கிரேஸ்' எழுதின ஜான் நியூட்டன் 1807-ல செத்தார், இன்னிக்கு உலகமே பாடுற அந்த மெட்டோட வரிகளை சேத்து வில்லியம் வாக்கர்ங்கிற அமெரிக்கக்காரர் புஸ்தகத்துல போட்டது 1835-ல. தன்னோட பாட்டை இந்த ராகத்துல நியூட்டன் கேட்டதே இல்ல.

'பிளவுண்ட மலையே' பேச்சு வந்ததால ஒண்ணு சொல்லிடுறேன். எழுதினவர் அகஸ்டஸ் டாப்ளடி, இடி மழையில ஒரு பாறை இடுக்குல ஒதுங்கினப்ப சீட்டுக்கட்டு மேல எழுதினார்னு ஒரு கதை உண்டு, அவர் செத்து ரொம்ப காலம் கழிச்சுக் கிளம்பினது அது. நிஜத்துல 1776-ல அவர் நடத்திக்கிட்டு இருந்த பத்திரிகையில இங்கிலாந்தோட நாட்டுக் கடன் பத்தி ஒரு கட்டுரை, அதுல இருந்து தாவி மனுஷனோட பாவக் கடனுக்குப் போறார். நொடிக்கு ஒரு பாவம்னு வச்சா 80 வயசுல எவ்ளோன்னு பெருக்கி 252,28,80,000னு விடை போட்டு, இந்தக் கடனை நம்மால அடைக்க முடியுமான்னு கேட்டுட்டு, அதுக்குக் கீழ இந்தப் பாட்டை அச்சடிச்சார். எனக்கு பாறைக் கதையை விட இதுதான் பிடிச்சிருக்கு. கெட்ட கோவக்காரர் வேற, மெதடிஸ்ட் இயக்கத்தை ஆரம்பிச்ச ஜான் வெஸ்லிகூட பத்திரிகையில கட்டிப் புரண்டவர், 37 வயசுல காசநோயில போய்ட்டார்.

கேள்வி: பிள்ளைங்க கடல்ல மூழ்கின இடத்துலயே கப்பல்ல நின்னு 'இட் இஸ் வெல்' பாட்டை எழுதினாராமே ஒருத்தர்? கேட்டாலே அழுகை வருது. (வாசகி, தூத்துக்குடி)

அழுகை வர வேண்டிய விஷயம்தான். ஹொரேஷியோ ஸ்பாஃபோர்ட், சிகாகோ வக்கீல். 1873 நவம்பர் 22, மனைவி அன்னாவும் நாலு பொண்ணுங்களும் போன 'வில் டு ஹாவர்' கப்பல் அட்லாண்டிக்ல இன்னொரு கப்பலோட மோதி முழுகிடுச்சு, 226 பேர் போய்ட்டாங்க. அன்னா மட்டும் பிழைச்சு அனுப்பின தந்தியில முதல் வார்த்தையே "நான் மட்டும் தப்பிச்சேன்".

எழுதின இடம் எதுங்கிறதுலதான் ரெண்டு பேச்சு. பின்னாடி பிறந்த மகள், கப்பல்லயே எழுதினார்ங்கிறாங்க. அவரோட நண்பர், பாடகர் ஐரா சாங்கி, 1876-ல நான் அவர் வீட்டுல தங்கியிருந்தப்ப எழுதினார்ங்கிறார். கையெழுத்துப் பிரதி சிகாகோ ஓட்டல் ஒண்ணோட லெட்டர்பேட்ல இருக்கு. நான் சாங்கி பக்கம். மூணு வருஷம் கழிச்சு எழுதினார்னா பாட்டு சின்னதாயிடுமா என்ன? பிள்ளையைப் பறிகொடுத்தவங்களைக் கேட்டுப் பாருங்க, மூணு வருஷம் ஒரு வருஷமா.

ராகம் போட்டவர் பிலிப் பிளிஸ், அந்த ராகத்துக்கு முழுகின கப்பல் பேரையே வச்சார். பாட்டு அச்சுல வந்த அதே 1876, டிசம்பர் 29, ஒஹையோவுல ரயில் பாலம் இடிஞ்சு அவரும் அவர் மனைவியும் இறந்துட்டாங்க. ஸ்பாஃபோர்ட் பிற்பாடு பிறந்த பையனையும் 1880-ல காய்ச்சல்ல பறிகொடுத்துட்டு, அடுத்த வருஷம் குடும்பத்தோட எருசலேமுக்கே போய் 1888-ல அங்கயே அடங்கிட்டார்.

கேள்வி: அதிகமா பாட்டு எழுதினது யாரு? (வாசகர், திருச்சி)

ஃபேனி கிராஸ்பி பேரைத்தான் சொல்லுவாங்க, 8000-க்கு மேல. கைக்குழந்தையிலயே கண்ணு போச்சு, எல்லாத்தையும் மனசுலயே கட்டி வச்சிருந்து அப்புறமா ஆளை வச்சு எழுத வைப்பாங்க. ஒரே புஸ்தகத்துல ஒரே பேரு திரும்பத் திரும்ப வந்தா நல்லாருக்காதுன்னு ஏகப்பட்ட புனைபேர் வேற. பாட்டுக்கு ஒண்ணு ரெண்டு டாலர்தான் கூலி. 1873-ல ஃபீபி நாப்ங்கிற தோழி ஒரு மெட்டை வாசிச்சுக் காட்டி இது என்ன சொல்லுதுன்னு கேக்க, அங்கயே சொன்ன வரிதான் 'பிளெஸ்ஸட் அஷ்யூரன்ஸ்'. நம்ம சினிமாவுல மெட்டுக்குப் பாட்டு எழுதுறாங்களே, அதே தொழில்தான்.

கேள்வி: வேதநாயகம் சாஸ்திரியாரும் வேதநாயகம் பிள்ளையும் ஒரே ஆளா? வீட்டுல பந்தயம். (வாசகர், மதுரை)

இல்லங்க, வேற வேற ஆளு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப், கத்தோலிக்கர், முதல் தமிழ் நாவல் எழுதினவர், பிறந்தது 1826. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதின சாஸ்திரியார் 1774-ல பாளையங்கோட்டையில பிறந்தவர். பன்னெண்டு வயசு வாக்குல ஸ்வார்ட்ஸ் ஐயர்ங்கிற ஜெர்மன் மிஷனரி தஞ்சாவூருக்குக் கூட்டிட்டுப் போய் படிக்க வச்சார், அதே ஸ்வார்ட்ஸ் நிழல்ல வளந்தவர்தான் பிற்பாடு ராஜாவான இரண்டாம் சரபோஜியும்.

இவரோட 'பெத்லகேம் குறவஞ்சி'யைக் கொஞ்சம் எடுத்துப் படிங்க. குறவஞ்சின்னா தலைவி காதல்ல உருகுவா, குறத்தி வந்து கை பாத்து குறி சொல்லுவா, இல்லையா? இதுல தலைவி சீயோன் மகள், பேரு தேவமோகினி, தலைவன் பெத்லகேம் நாதர், குறி சொல்ல வர்றது விசுவாசம், அவ புருஷன் ஞானச்சிங்கன். நடுவுல கோப்பர்னிக்கஸ் சொன்ன வானசாஸ்திரமும் பூகோளமும் வேற வருது, கிட்டத்தட்ட 1800-ல!

பிள்ளையாருக்குக் காப்புப் பாட்டு பாடுன்னு ராஜா சொன்னப்ப மறுத்துட்டு 'ஏசுவையே துதிசெய்' பாடினார்ங்கிற கதை நீங்க கேட்டிருப்பீங்க, அது சபையில வழிவழியா வர்றது. இன்னொரு சண்டையைத்தான் மேடையில யாரும் சொல்றதில்ல. 1820-கள்ல வந்த புது மிஷனரிங்க வேத மொழிபெயர்ப்பை மாத்தினாங்க, கல்யாணத்துலயும் சாவுலயும் பூ கூடாதுன்னாங்க, ஆராதனையில தமிழ்ப் பாட்டு வேண்டாம்னாங்க, எல்லா சாதியும் கலந்து உக்காரணும்னாங்க. சாஸ்திரியாரும் கூட்டாளிகளும் நாலையுமே கொடுமைன்னு எழுதி எதிர்த்தாங்க. முதல் மூணுல நான் அவர் கட்சி. நாலாவதுல இல்ல, அங்க அவர் சாதி ஆசாரத்தைக் காப்பாத்தத்தான் நின்னார், மழுப்ப ஒண்ணும் இல்ல. பூவுக்காகச் சண்டை போட்ட அதே வாய்தான் பக்கத்துல உக்கார வர்றவனையும் தடுத்துது.

1833-ல பிஷப் டேனியல் வில்சன் சாதியை உடனே, முழுசா விடணும்னு உத்தரவே போட்டார். பாட்டு விஷயத்துல ஜெயிச்சது சாஸ்திரியார்தான். கோயிலுக்குள்ள வேண்டாம்னாங்களே, அந்தக் கீர்த்தனைகளை மதுரை அமெரிக்கன் மிஷன்ல இருந்த எட்வர்ட் வெப் சேத்து 1853-ல சபைக்குப் பாட்டுப் புஸ்தகமாவே போட்டார். அப்ப சாஸ்திரியாருக்கு வயசு 79, இன்னும் 11 வருஷம் உசுரோட இருந்தார். பந்தயத்துல ஜெயிச்சது யாருன்னு மட்டும் ஒரு கார்டு போடுங்க.