உறையைத் திருப்பித் தந்த முதலாளி

கேள்வி: பழைய கார்களை வாங்கி விற்கும் டீலர் நான். 19 வயதில் ஒரு கார் டீலரிடம் வண்டி கழுவும் பையனாகச் சேர்ந்தேன். ஒரு காரை எப்படிப் பார்ப்பது, வாங்க வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். 9 ஆண்டுகளுக்குப் பிறகு தனியாகத் தொழில் தொடங்கினேன். விலகுவதற்கு முன்பே அவருடைய வாடிக்கையாளர்கள் சிலரிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர்கள் என்னிடமே வந்தார்கள். இப்போது எனக்கு வயது 46, தொழில் நன்றாக நடக்கிறது. அவர் தொழிலை மூடிவிட்டு வீட்டில் இருக்கிறார். போன மாதம் ஒரு தொகையை உறையில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரித்துக்கூடப் பார்க்காமல் என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்துவிட்டார். அன்றிலிருந்து மனம் சரியில்லை. எனக்கு வாழ்வு தந்தவருக்கு நான் எப்படி நன்றி செலுத்துவது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் எழுதியது ஐந்து பக்கக் கடிதம். இடம் கருதி மேலே அதைச் சுருக்கியிருக்கிறேன். சுருக்குவதற்காக மீண்டும் மீண்டும் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. முதலாளி உங்களுக்குத் தொழில் பழக்கிய விதத்தை மூன்று பக்கங்களுக்கு எழுதியிருக்கிறீர்கள். அவரை விட்டு விலகியதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதையும் வேகமாகக் கடந்துபோய்விட்டீர்கள். உங்கள் மனத்தை உறுத்துவது அவர் மறுத்த உறை அல்ல, இந்த ஒரு வரிதான் என்று நினைக்கிறேன்.

அந்த வரிக்கு வருவதற்கு முன்னால், மூன்று பக்கங்களையும் நான் எவ்வளவு மகிழ்ச்சியோடு படித்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். விற்க வந்தவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே உங்கள் முதலாளி பானெட்டின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார் என்றும், சூடாக இருந்தால் "நாளைக் காலையில் வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த என்ஜின் முதல் ஸ்டார்ட்டில் திணறுவதும், தேய்ந்த பாகங்கள் சில நொடிகளுக்கு எழுப்பும் ஓசையும், சைலன்சரில் ஒரு கணம் தலைகாட்டும் நீலப் புகையும் என்ஜின் சூடேறிய பிறகு பல வேளைகளில் தெரியாமல் போய்விடும் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம்; ஆனால் கை தானாகவே பானெட்டுக்குப் போகும் பழக்கம் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு மட்டும்தான் வரும்.

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்து, உள்ளே சுருண்டு கிடக்கும் கடைசிப் பகுதியில் வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் காட்டிக்கொடுக்கும் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது, உள்ளே வாசனைத் திரவியம் தூக்கலாக வீசினால் தரை விரிப்பைத் தூக்கி ஈரத்தைத் தேடச் சொன்னது, டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்கப் பழக்கியது (2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர்), ஓடோமீட்டர் சொல்லும் கிலோமீட்டரை நம்புவதற்கு முன்னால் பிரேக் பெடலின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வைத்தது என்று ஒவ்வொன்றையும் நினைவு வைத்திருக்கிறீர்கள். 17 இடங்கள் கொண்ட சேசிஸ் எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது, வந்திருந்தால் அந்த வண்டியின் பக்கமே போகாதே என்று அவர் எச்சரித்ததைப் படித்தபோது, உங்களுக்குக் கிடைத்தவர் எப்பேர்ப்பட்ட ஆசிரியர் என்று வியந்தேன். ஒன்று, பூஜ்யம் ஆகிய எண்களோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக அந்த எழுத்துகளை விதியிலேயே விலக்கி வைத்திருக்கிறார்கள். வண்டி கழுவ வந்த ஒரு பையனை நிறுத்திவைத்து இதையெல்லாம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது அந்த அட்டை. விற்பனைக்கு நிறுத்தும் ஒவ்வொரு காரின் குறைகளையும் தம் கைப்பட ஓர் அட்டையில் எழுதி, அதை ஓட்டுநர் இருக்கையின் மீது வைத்துவிடுவாராம். வாங்க வருகிறவர் அதைக் கையில் எடுத்த பிறகுதான் உட்காரவே முடியும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் உங்கள் தொழிலைத்தான் உதாரணமாக எடுத்துக்கொண்டார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் எந்தக் காருக்கும் நடுத்தரமான விலைக்கு மேல் கொடுக்கத் தயங்குவார். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவர் விற்க முன்வர மாட்டார். நல்லவை விலக விலகச் சந்தையில் மட்டமானவையே மிஞ்சும். 2001இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டதற்கு இந்த ஆய்வு முக்கியக் காரணம். ஒரு சந்தையையே கெடுத்துவிடக்கூடிய அந்த அறியாமையை, தம் கடையின் எல்லைக்குள்ளாவது, உங்கள் முதலாளி ஓர் அட்டையையும் பேனாவையும் கொண்டு விரட்டியிருக்கிறார். அந்த வழக்கத்தை நீங்களும் இன்றுவரை விடவில்லை என்பது எனக்குப் பெரிய நிறைவு.

இனி அந்த ஒரு வரி. தொழில் கற்றவர் ஒருநாள் தனியாகப் போவதில் எந்தத் தவறும் இல்லை. அதை எதிர்பார்க்காத முதலாளியும் இருக்க மாட்டார். வாடிக்கையாளர்கள் உங்களைத் தேடி வந்ததிலும் வியப்பில்லை, ஏனென்றால் கார் வாங்குகிறவர் கடையின் பெயர்ப் பலகையைவிட, தமக்கு எதிரே நின்று பேசும் ஆளைத்தான் நம்புகிறார். 1963 முதல் 1978 வரை ஒரே டீலரிடம் பணியாற்றி 13,001 கார்களை விற்ற அமெரிக்க விற்பனையாளர் ஜோ ஜிரார்ட், தம்மிடம் வாங்கியவர்களுக்கு மாதந்தோறும் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொண்டிருந்ததும் அந்த நம்பிக்கையைக் காப்பதற்காகத்தான். ஆனால் அவர்கள் தாமாகத் தேடி வந்தது வேறு, நீங்கள் அவருடைய சம்பளத்தில் இருந்துகொண்டே, அவருக்குத் தெரியாமல், அவர்களிடம் சொல்லி வைத்தது வேறு. குறைகளை எழுதி இருக்கையின் மீது வைக்கக் கற்றுக்கொடுத்தவரிடம் நீங்கள் மறைத்த குறை அது. இதைக் கடுமையாகச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டாம். உங்களுக்கும் அது தெரிந்திருப்பதால்தான் கடிதத்தில் அந்த வரியை எழுதாமல் விட முடியவில்லை.

அப்படியானால் கோபத்தில்தான் அவர் உறையைத் திருப்பிக் கொடுத்தாரா? அவர் மனத்தில் என்ன இருக்கிறது என்று நாமாக முடிவு கட்டிவிடக் கூடாது. இதை என் அனுபவத்தில் சொல்கிறேன். எனக்கு எழுத்துப் பழக்கிய ஆசிரியரை விட்டு வேறோர் இதழுக்குப் போனபோது, அவரிடம் நேரில் சொல்லத் துணிவில்லாமல் மேசையின் மீது ஒரு கடிதத்தை வைத்துவிட்டுப் போனேன். 12 ஆண்டுகள் கழித்துத்தான் அவரைப் பார்த்து அதைப் பற்றிப் பேச முடிந்தது. நான் போனதற்காக அவர் வருந்தவே இல்லை. அன்று மாலை அச்சுக்குப் போக வேண்டிய பக்கங்களை நான் திருத்தி வைத்திருப்பேன் என்று நம்பி இரவு வரை காத்திருந்திருக்கிறார்; அந்தக் காத்திருப்புதான் அவரை வருத்தியிருந்தது. நான் அத்தனை ஆண்டுகளாக வேறு ஏதோ ஒன்றுக்காக மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகவே நேரில் போங்கள், உறை வேண்டாம். நீங்கள் செய்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எத்தனை பேரிடம் சொல்லி வைத்தீர்கள், எப்போது சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். அப்போதிருந்த நெருக்கடி, குடும்பச் சூழல் என்று விளக்கம் எதையும் கூடவே சேர்க்காதீர்கள், கேட்டால் சொல்லலாம். பிறகு அவர் பேசும்வரை காத்திருங்கள். "அதெல்லாம் அப்போதே தெரியும்" என்று அவர் சொல்லலாம், பேச்சை மாற்றலாம், கோபப்படவும் செய்யலாம். எதுவாக இருந்தாலும், நன்றியை அதே நாளில் சொல்லிவிட அவசரப்பட வேண்டாம்.

நன்றிக்கு இன்னொரு நாள் போங்கள். ஏதோ ஒரு காரணத்தால் உங்களால் முடிவெடுக்க முடியாத ஒரு காரை அன்று அவரிடம் கொண்டுபோங்கள். அவருடைய மனம் குளிர வேண்டும் என்பதற்காகப் பழுதில்லாத வண்டியைக் கொண்டுபோய்ச் சந்தேகம் கேட்பதுபோல் நடிக்காதீர்கள். அவர் அந்த வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார். உண்மையாகவே உங்களுக்குக் குழப்பம் தரும் வண்டியாக இருக்கட்டும். பார்த்துச் சொன்னதற்கு மற்ற யாருக்குக் கொடுப்பீர்களோ அதே கூலியைக் கொடுங்கள். தானமாக வந்த தொகையை மறுத்தவர், உழைப்புக்கு உரிய கூலியை மறுக்க மாட்டார் என்றே நம்புகிறேன். அவருக்கு முழங்கால் வலி, நிமிர்ந்து நிற்க முடிவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்காலி ஒன்று போதும். காதும் கையும் இருக்கின்றன. உங்களிடம் இப்போது வண்டி கழுவும் பையன் ஒருவன் இருக்கிறான் என்றால் அவனையும் கூட்டிப்போங்கள், அவர் பார்ப்பதை அவனும் பார்க்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். காரை அன்று காலையில் ஓட்டிக்கொண்டு போகாமல், முந்தின நாள் மாலையே அவர் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வாருங்கள். மறுநாள் காலையில் அவர் உள்ளங்கையை வைக்கும்போது பானெட் குளிர்ந்திருக்க வேண்டும்.