பக்கவாதம்: மூன்றாம் நாளே உட்கார வைக்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. மூளை ரத்தக் குழாயில் அடைப்பு. வலது கை, கால் இழுத்துவிட்டது. திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்து இன்று மூன்றாம் நாள். பிசியோதெரபிஸ்ட் கட்டில் ஓரத்தில் உட்கார வைக்கிறார். "அசைக்காதே, திரும்பவும் வந்துவிடும்" என்கிறார் மாமி. சித்தப்பாவோ டிஸ்சார்ஜ் வாங்கி உழிச்சலுக்கு (எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவும் சிகிச்சை) கொண்டுபோகச் சொல்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகி, களியக்காவிளை

பதில்: பிசியோ சொல்வதுதான். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் 24 மணி நேரம் கழிந்ததும் எழுப்பத் தொடங்கலாம். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், படுக்கைப்புண் வரும், காலில் ரத்தம் உறையும்.

மாமியின் பயத்தையும் தள்ளிவிட முடியாது. ஐந்து நாடுகளில் 2,104 பேரிடம் நடந்து, 2015-இல் வெளியான 'அவெர்ட்' ஆய்வில், முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அதிகமாக எழுப்பி நடமாட வைக்கப்பட்டவர்களில் நன்றாகத் தேறியவர்கள் குறைவு. கொஞ்ச நேரம், ஆனால் அடிக்கடி என்பதே பலன் தந்தது. ஆகவே முதலில் 5–10 நிமிடம், ஒரு நாளைக்குச் சில தடவை போதும். வியர்த்தாலோ, தலை சுற்றினாலோ, முகம் வெளுத்தாலோ உடனே படுக்க வைத்து நர்ஸைக் கூப்பிடுங்கள்.

நாற்காலிக்கு மாற்றப் பழகும்போது நாற்காலியை பலமுள்ள இடது பக்கம், கட்டிலை ஒட்டிப் போடுங்கள். சக்கர நாற்காலி என்றால் பிரேக் போட மறக்கக் கூடாது. இரு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்திருக்கட்டும். அவருடைய வலது முழங்காலுக்கு உங்கள் முழங்காலால் முட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் அது மடங்கி ஆளையே சாய்த்துவிடும். நன்றாக முன்னால் குனிந்து, இடுப்பு தூக்கிய பிறகே நிமிர வேண்டும். நேராக எழப் பார்த்தால் பின்பக்கம் விழுவார்.

பிடிக்க வேண்டியது இடுப்பை. அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும், வலது கையைப் பிடித்து இழுப்பதும் வேண்டவே வேண்டாம். தோள் மூட்டை இறுக்கிப் பிடித்திருப்பது தசைதான். அது தளர்ந்ததும் கை எலும்பு குழியிலிருந்து கீழே இறங்கிவிடும். இழுத்தால் மாதக்கணக்கில் தோள்வலி, கைக்கான பயிற்சியும் நின்றுபோகும். உட்காரும்போது முன்னங்கைக்கு அடியில் தலையணை வையுங்கள்.

உழிச்சல் இப்போது கூடாது. காலில் ரத்தக் கட்டி இருந்து, கெண்டைக்காலை அழுத்தி உழிந்தால், அது கழன்று நுரையீரலை அடைக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் டாக்டர் பார்க்கும்வரை பிசியோவையும் நிறுத்துங்கள்.

கேள்வி: கைக்கு ரப்பர் பந்து கொடுத்து அமுக்கச் சொல்லலாமா?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பந்து வேண்டாம். பலருக்கும் விரல் மடக்குவது முதலில் திரும்பிவிடும், விரிப்பதுதான் பாடு. வெறும் டம்ளரைப் பிடித்து, நகர்த்தி, விரலை விரித்து விடுவதைப் பழக்குங்கள். எவர்சில்வர் வழுக்கும், பிளாஸ்டிக் நல்லது.